உன் பேரில் எழுதிய இறால்

மகனுக்கு,

கொம்மா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வலது முழங்கால் மடங்குதில்லை. உன் சுகத்தைக் கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் காலமை என் வாசல் படலைக்கு முன்னால்தான் மோட்டார்சைக்கிளில் போகிறாய், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. இன்றைக்குப் பதினொரு நாள். நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் நான் வாய் திறந்தால் "அம்மா, சங்கத்து அலுவலை வீட்டில கதைக்காதேங்கோ" என்று எழும்பிவிடுவாய். கடிதத்தோடு சண்டை பிடிக்க ஏலாது. பாதியில் எறிந்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து மிச்சத்தை வாசிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். இதை நான் ஒட்டி மூடவில்லை. சங்கத்து மேசையில் வைக்கச் சொல்லித்தான் கொடுத்துவிடுகிறேன். வேறு ஆரும் எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும். ஒளிக்கக் கூடாததை ஒளித்ததால் வந்த வினைதான் இது.

விசயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிச் சங்கக் கூட்டத்துக்குக் கடற்றொழில் பகுதி அதிகாரி வருகிறார். வங்கிக் கடன் கொடுக்கிற ஆட்களின் பட்டியலைத் தலைவர் என்ற முறையில் நீ அவர் கையில் கொடுப்பாய். அதில் உன் தங்கச்சி வதனியின் பேர் இல்லை. அவளோடு சேர்ந்து விண்ணப்பம் போட்ட மற்ற எட்டுப் பொம்பிளைகளின் பேரும் இல்லை. அன்றைக்கு அவளுடைய பேர் போகாவிட்டால், திங்கட்கிழமை அவள் முற்பணம் கொடுத்து மீன் எடுக்கிற சம்மாட்டியிடம் கை நீட்டப் போகிறாள். அவன் காசைத் தொட்டால் அதற்குப் பிறகு அவள் பிடிக்கிற நண்டும் இறாலும் அவனுடைய தராசுக்குத்தான் போகும், அவன் வாயால் சொல்கிற விலைக்கு. அது எத்தனை வருசத்துக்கு என்று ஒருத்தரும் சொல்ல ஏலாது. உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. கொப்பர் என்னைக் கட்டின வருசம் இப்போதைய சம்மாட்டியின் தகப்பனிடம் முற்பணம் வாங்கினவர். ஒருநாள் புளியங்குளத்தால் வந்த வியாபாரி ஒருவன் அவருடைய மீனைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னான். கொப்பர் மீன்பெட்டியைச் சாக்கால் மூடிவிட்டு, "இது விக்கிறதுக்கில்லை" என்றார். விக்கிறதற்குத்தான் பிடித்தது. சம்மாட்டியின் ஆள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தான். இடம்பெயர்ந்து ஓடின நாள்வரைக்கும் அந்த மனிசன் தன் மீனுக்கு விலை சொன்னதை நான் காதால் கேட்கவில்லை. சண்டைதான் எங்களை அந்தக் கடனில் இருந்து அவிழ்த்துவிட்டது. அதுக்குச் சந்தோசப்படுகிறதா, மகன்?

பதினொரு நாளுக்கு முதல் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி நினைத்து வைத்திருப்பாய். சங்கக் கட்டடத்தில் நீங்கள் ஆறு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். வதனி தனியப் போக ஒரு மாதிரி இருக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவள். அவள் விண்ணப்பத்தை நீட்டினாள். தன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி விலைக்கு நிற்கிற சின்ன வள்ளத்தையும் கொஞ்ச நண்டு வலையையும் வாங்க வேண்டும், கரையோரக் களப்பில் தானே வலை போட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நீ அதை வாங்கி, உன் தங்கச்சியின் பேரை முதல்தரம் பார்க்கிறவன் மாதிரி வாசித்தாய்.

"தொழில் எண்ட இடத்தில கடற்றொழில் எண்டு போட்டிருக்கு?"

"ஓம் அண்ணா. அதைத்தானே செய்யிறன்."

உன் பக்கத்தில் இருந்த பொருளாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை வள்ளத்தில ஏறினா நண்டெல்லாம் வெக்கப்பட்டு ஓடிடும்."

"உங்களைக் கண்டே ஓடாத நண்டு என்னைக் கண்டோ ஓடப்போகுது?" என்றாள் வதனி.

எல்லோரும் சிரித்தார்கள், பொருளாளரும்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சி எண்டு பாத்துச் செய்ய ஏலாது. எல்லாருக்கும் ஒரே ஒழுங்குதான். தொழில் செய்யிற ஆள் எண்டதுக்கு, பிடிச்சதை நிறுத்துக் குடுத்ததுக்கு ஏசண்டு எழுதின துண்டு வேணும், ரெண்டு வருசத்துக்கு. உன்ர பேரில துண்டு இருக்கோ? ஒண்டாவது?" என்று கேட்டாய்.

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படலையடியில் வந்ததும், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள்.

நான் ஏன் நிலத்தைப் பார்த்தேன் என்று நீ கேட்க மாட்டாய். உனக்குப் பாதி தெரியும். மிச்சப் பாதியை நான் சொல்லுகிறேன். முகாமால் வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த முதல் வருசம். கொப்பர் இல்லை, வள்ளம் இல்லை, வலை இல்லை. நீ கிளிநொச்சிக்கு மேசன் வேலைக்குப் போய்க் கிழமைக்கு ஒருக்கால் வருவாய். நான் சங்கத்துக்குப் போய் என் பேரைப் பதியச் சொல்லிக் கேட்டேன். அப்போது தலைவராக இருந்தவர் பெரியதம்பியர். நீலக் கோடு போட்ட சேட்டு, மேல் பொத்தான் இல்லை. நான் எழுதிக்கொண்டு போன தாளை வாங்காமலே, "பொம்பிளையளைப் பதிஞ்சா இது மாதர் சங்கமாப் போயிடும். உனக்கு ஆம்பிளைப் பிள்ளை இருக்கிறான்தானே, அவனை அனுப்பு" என்றார். அவர் செத்தபோது செத்த வீட்டுக்குப் போனேன், ஊர் முறைக்கு. தேத்தண்ணி நீட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் செத்தும் நான் மன்னிக்கவில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் பார், அவர் சொன்ன சொல்லை அடுத்த நாளே செய்து முடித்தவள் நான்தான்.

நானும் வதனியும் களப்பில் இறங்கினோம். கழுத்தில் பனையோலைப் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் குந்தியிருந்து, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறது. மட்டிச் சிப்பி வெட்டும். கெளிறு மீன் முள்ளுக் குத்தினால் தோள்வரைக்கும் கடுக்கும். வதனிக்குப் பத்தொன்பது வயது. விரல் நுனியில் தோல் நிற்காமல், சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டவள். பிடித்ததை வாங்க ஏசண்டு சிவம் கரையில் தராசோடு நிற்பான், நிறுத்து, எடையும் பேரும் போட்டுத் துண்டு எழுதித் தருவான்.

"ஆற்ற பேரில எழுத, அம்மா?"

"மகன்ர பேரில எழுது."

"அவர் தண்ணிக்குள்ளயே இறங்கேல்லயே?"

"நீ தராசைப் பார். கதையைப் பாராத."

துண்டு இருந்தால்தான் உன்னைச் சங்கத்தில் சேர்ப்பார்கள், சேர்ந்தால்தான் கடன் வரும், கடன் வந்தால்தான் வள்ளம். அது என் கணக்கு. வதனி ஒருநாள் கேட்டாள், "என்ர பறிக்கு வேற துண்டு எழுதச் சொல்லுங்கோவன் அம்மா" என்று. "நீ கட்டிப் போறவள், உனக்கேன் துண்டு?" என்றேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எதையும் ரெண்டாம்தரம் கேட்காது, அதுதான் அவளுடைய பிழை. மூன்று வருசம் நாங்கள் பிடித்த இறால் முழுதும் உன் பேரில் போனது. அந்தத் துண்டுக் கட்டைக் கொண்டுபோய்க் காட்டித்தான் நீ உறுப்பினர் ஆனாய், முதல் கடன் எடுத்தாய், வள்ளம் வாங்கினாய். வள்ளத்துக்கு "அன்னை" என்று பேரும் எழுதினாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வள்ளத்தில் நான் ஒருநாளும் ஏறினதில்லை, நீ ஏறச் சொன்னதுமில்லை.

அதோடு நின்றிருந்தால் பழைய கதை என்று விட்டிருப்பேன். வதனியின் மனிசன் சிறுநீரக வருத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் மறுபடி களப்பில் இறங்கினாள். காலமையில் கரையில் மற்றவர்களின் வலையில் நண்டு கழட்டுகிறாள். அதுக்குக் கூலியாகக் கால் உடைந்த நண்டைத்தான் கொடுக்கிறார்கள், கறிக்கு என்று. அதுக்குத் துண்டு இல்லை. பின்னேரத்தில் இறால். இந்தத் தரம் அவள் தன் பேரில் எழுதச் சொல்லித்தான் நின்றாள். நான்தான் மறித்தேன். "உன்ர பேரில வருமானம் எழுதப்பட்டால் அரசாங்க உதவிக்காசை வெட்டிப்போடுவாங்கள், பிள்ளைகளின்ர படிப்புக்கு என்ன செய்யப் போகிறாய், கொண்ணன்ர பேரில எழுதட்டும்" என்றேன் அவளிடம். இந்தக் கரையில் முக்கால்வாசிப் பொம்பிளைகள் அப்படித்தான் செய்கிறார்கள், மனிசனின் பேரில், தம்பியின் பேரில், மருமகனின் பேரில். வெட்டுப்படப் போகிற சின்னக் காசுக்குப் பயந்து, நாங்கள் தொழில் செய்கிறோம் என்பதையே இல்லாமல் செய்துவிட்டோம். உதவிக்காசு கொடுக்கிறவனுக்கு நாங்கள் ஏழை என்று காட்டினோம். இப்போது கடன் கொடுக்கிறவன் வந்து நிற்கும்போது காட்ட ஒரு கடதாசி இல்லை. இதைச் சொல்லிக் கொடுத்த வாய் என்னுடையது. வதனியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்கோ அம்மா" என்றாள். விடச் சொன்னால் விடுகிற ஆள் நானில்லை.

துண்டு இல்லாத பொம்பிளைக்கு எங்கே கடன் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். வீட்டு வாசலுக்கு வந்து கிழமைக்குக் கிழமை காசு சேர்க்கிற கடன் கொம்பனிக்காரரிடம்தான். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருத்திக்கு மற்றவள் கையெழுத்து வைக்க வேண்டும். வதனியும் மனிசனின் வைத்தியத்துக்கு அப்படித்தான் எடுத்தவள். குழுவில் ஒருத்தி, செல்வி, மூன்று கிழமை கட்டவில்லை. காசு சேர்க்க வந்த பெடியன் செல்வியின் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "உங்கட ஆளைக் கட்டச் சொல்லுங்கோ, இல்லையெண்டா நீங்கள் நாலு பேரும் கட்டுங்கோ, நான் எழும்ப மாட்டன்" என்றான். வதனி தோட்டை அடகு வைத்துக் கட்டினாள். செல்வியும் அவளும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே கொட்டிலில் மூன்று மாதம் படுத்தவர்கள். இப்போது ரெண்டு பேருக்கும் முகம் பார்த்துக் கதை இல்லை.

சம்மாட்டி அதுதான் நேரம் என்று வந்திருக்கிறான். போன கிழமை வதனி வீட்டுக்கு வாழைப்பழச் சீப்போடு வந்து, கதிரையில் இருந்து, "தங்கச்சி, துண்டும் வேண்டாம், பிணையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். உன்ர சொல் காணும். வள்ளத்தை நாளைக்கே எடு" என்றான். எவ்வளவு நல்ல மனிசன் பார்! போகும்போது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, வதனியின் மூத்தவளைக் காட்டி, "படிப்பு முடிஞ்சா என்ர மீன்வாடியில நண்டு தரம் பிரிக்க ஆள் வேணும், அனுப்பு" என்றும் சொன்னான். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மகன். உன் மருமகள். வதனி வாசலில் நின்று, "திங்கக்கிழமை சொல்லுறன் அண்ணை" என்றாள். ஏன் திங்கள் என்று உனக்கு விளங்கும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, நான் குருடி இல்லை. வருகிற கடன் கொஞ்சம். கடலுக்குப் போகிற பெடியள் எஞ்சின் பழுதாகி ரெண்டு வருசமாகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். தங்கச்சிக்குக் கொடுத்தான் என்று நாளைக்குச் சொல்லுவார்கள். ஒருத்தியைச் சேர்த்தால் ஒன்பது பேரும் வருவார்கள், அடுத்த வருசம் முப்பது பேர் வருவார்கள் என்று நீ உன் மனிசியிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. வரட்டும். முப்பது பேர் தொழில் செய்கிறார்கள் என்றால் முப்பது பேர் வரத்தான் வேண்டும். தங்கச்சி என்று பார்க்காதே, நானும் பார்க்கச் சொல்லவில்லை. ஒழுங்கைப் பார் என்றுதானே சொன்னாய்? அந்த ஒழுங்கைத்தான் நான் இப்போது உன் முன்னால் தூக்கி வைக்கிறேன்.

புதன்கிழமை நான் சிவத்திடம் போனேன். முழங்காலோடு அவ்வளவு தூரம் நடந்துதான் போனேன். "இனி வதனி கொண்டு வாறதை வதனியின்ர பேரில எழுது" என்றேன். எழுதினான். "பழசையும் மாத்தி எழுது" என்றேன்.

"பழைய துண்டை மாத்த ஏலாது அம்மா. அதின்ர மற்றப் பிரதி கொம்பனிக்குப் போயிட்டுது."

"ஆர் கொண்டு வந்தது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். இந்த ரெண்டு வருசமும் அவள் கொண்டு வந்ததை நான்தானே நிறுத்தன்."

"அப்ப கூட்டத்தில வந்து சொல்லு."

அவன் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கிவிட்டான். "உங்கட மகன் தலைவர். நாளைக்கு இந்தக் கரையில எனக்கு இடமில்லை எண்டா நான் எங்க போறது? நீங்கள் முதல் சொல்லுங்கோ. பிறகு என்னைக் கேட்டா, இல்லை எண்டு சொல்ல மாட்டன்." அவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசிவிட்டுத்தான் வந்தேன். வழியில் வரும்போதுதான் யோசித்தேன், பதினொரு நாளுக்கு முதல் நான் மட்டும் என்ன செய்தேன் என்று.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாக வாசி. போன வருசம் மாரியில் உன் எஞ்சின் பழுதாகி, முல்லைத்தீவில் கராச்சில் ஒன்றரை மாதம் கிடந்தது. வள்ளம் கரையில் கவிழ்த்துக் கிடந்தது, அதில் நாய் படுத்ததை ஊரே பார்த்தது. நீ உடையார்கட்டில் வீடு கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனாய். அந்த ஒன்றரை மாதமும் உன் பேரில் இறால் துண்டு விழுந்திருக்கிறது. கிழமைக்கு நான்கு, ஐந்து. அதையும் சேர்த்துக் கட்டித்தான் நீ புது எஞ்சினுக்குக் கடன் எடுத்தாய். அந்தக் கட்டு சங்கத்து அலுமாரியில் இருக்கிறது, திறப்புச் சாவி உன் இடுப்பில் இருக்கிறது. வள்ளமும் இல்லாமல், ஆளும் ஊரில் இல்லாமல், அந்த இறாலை ஆர் பிடித்தது? வதனியிடம் ஒரு துண்டாவது இருக்கோ என்று கேட்டாயே. ஒன்றல்ல, ரெண்டு வருசத் துண்டு இருக்கிறது. உன் பேரில் இருக்கிறது.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. துண்டு வந்தது, வாங்கி வைத்தாய். நான் பழக்கினது அப்படி. தட்டில் வந்த மீனின் நடுத்துண்டு உனக்கு, தலையும் வாலும் எனக்கும் அவளுக்கும். எங்கேயிருந்து வந்தது என்று கேட்க நான் உன்னைப் பழக்கவில்லை. ஆனால் உனக்கு இப்போது நாற்பதுக்குக் கிட்ட வயது. இனியும் கொம்மா பழக்கினது என்று சொல்ல ஏலாது. அந்த மேசைக்குப் பின்னால் இருந்து துண்டு எங்கே என்று கேட்டபோது உன் வலது கண் துடித்தது. சின்ன வயதில் பொய் சொன்னால் துடிக்கிற கண். நீ மறந்துபோய்க் கேட்கவில்லை, தெரிந்துகொண்டுதான் கேட்டாய். அதுதான் என்னை எரிக்கிறது.

என்னிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது, வேண்டுதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்து இருந்தவுடன், பட்டியலை நீட்ட முதல், நீ எழும்பி, "என்ர பேரில இருக்கிற இந்தத் துண்டுகள் என்ர தங்கச்சி பிடிச்சது, அதுக்கு முதல் இருந்தது அவளும் என்ர அம்மாவும் பிடிச்சது, இதுதான் அவையின்ர ஆதாரம்" என்று சொல்லுவாயா? உன் வாயால் வந்தால் சிவமும் ஓம் என்பான், மற்ற எட்டுப் பேரும் தங்கள் தங்கள் இறால் ஆருடைய பேரில் கிடக்கிறது என்று சொல்ல எழும்புவார்கள். அதிகாரி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உன்னை வைத்துக் கேள்வி கேட்பார். ஒருவேளை தலைவர் பதவி போகும். எஞ்சின் கடனையும் கிண்டுவார்கள். உன் பிள்ளைகளும் அதில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். இந்தத் தாளை ரெண்டுதரம் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

ஆனால் உனக்கு ஒரு கையில் எஞ்சினும் மறுகையில் தங்கச்சியும் இருக்கிற நேரத்தில் நான் எந்தக் கையைப் பிடிக்கிறது என்று இத்தனை வருசமாக யோசிக்காமலே எஞ்சின் இருக்கிற கையைப் பிடித்துவிட்டேன். இந்தத் தரம் யோசித்துவிட்டேன்.

கூட்டம் பத்து மணிக்கு. நான் வருவேன். நீ எழும்பிச் சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன், சொல்லி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன். நீ பட்டியலை அப்படியே நீட்டினால், நான் எழும்பி அலுமாரியைத் திறக்கச் சொல்லுவேன். உன் எஞ்சினும் போகும், ஒருவேளை நீயும் எனக்கு இல்லாமல் போவாய் என்று தெரிந்துகொண்டுதான் சொல்லுவேன்.

கொம்மா